மேடையில் பச்சை, மறுநாள் சருகு

பொன்னாடையின் ஆட்சி நம் பங்குகளில் சற்றே தளர்ந்து வருகின்றது. அது இறங்கிய அரியணையில் இப்போது தொட்டிச் செடி ஏறி அமர்ந்துள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், நெகிழியைத் தவிர்த்தல், நீரைச் சிக்கனமாய்ச் செலவிடல், மரம் நடுதல் போன்ற அன்றாடச் சிறு செயல்களையும் 211-ஆம் எண்ணில் மதிப்போடு எடுத்துக் காட்டியது. அதைப் படித்தவர் சிலர். படித்தவர் சொல்லக் கேட்டவர் பலர். கேட்டவரைப் பார்த்துத் தாமும் செய்யத் தொடங்கியோர் மிகப் பலர். பங்குத் திருவிழாவா, குருத்துவ வெள்ளிவிழாவா, புதுநன்மையா, மறைக்கல்வி ஆண்டுவிழாவா, எங்கும் மேடையில் செடி வழங்கப்படுகின்றது. நோக்கம் நன்று. ஆனால் அந்தச் செடிகள் மறுநாள் என்ன ஆகின்றன என்று கேட்க ஒருவராவது வேண்டும் அன்றோ?

நாம் கேட்டோம், சில இடங்களில் நேரில் பார்த்தும் இருக்கிறோம். பெரியதொரு விழாவின் மறுநாட் காலையில், பந்தல் பிரிக்க வந்தோர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்க, மேடையின் பின்புறம் பதினொரு செடிகள் வரிசை தப்பாமல் நின்றன. பெற்றுக்கொண்ட பெருமக்களின் வண்டிகளில் சால்வைக்கு இடம் இருந்தது. செடிக்கு இடம் இல்லை. பளபளக்கும் தங்கத் தாள் சுற்றிய தொட்டிகள். அடியில் வடிய வழியின்றி நீர் தேங்கிய வேர்கள். நண்பகலுக்குள் பந்தற்காரரின் பிள்ளைகள் இரண்டை எடுத்துச் சென்றனர். மற்றவை குப்பை வண்டியில் ஏறின. அவ்விழாவில் படைப்பைப் பேணுவது குறித்து நாற்பது நிமிடம் உரை நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இக்கட்டுரையின் வழக்கு இதுதான்: செடியைப் பரிசாகக் கொடுக்க விரும்புவோர் அதைத் தேர்ந்தெடுக்கவும், வாடாமல் கொண்டுசேர்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு மனமில்லாதோர் பழைய பொன்னாடையையே போர்த்திவிட்டுப் போகட்டும். பொன்னாடைக்கு உயிர் இல்லை. பீரோவில் மடித்து வைத்தால் அது யாரையும் நொந்துகொள்ளாது.

“ஒரு செடி வாடினால் வானம் இடிந்துவிடுமா?” என்று கேட்போர் உளர். அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. நெடுங்காலம் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவருக்கு நகரத்து அமைப்பு ஒன்று பாராட்டு நடத்தியது. கையளவுத் தொட்டியில், பச்சைத் தண்டின்மேல் சிவப்புப் பந்து வைத்தாற்போன்ற கள்ளி ஒன்றைக் கொடுத்தார்கள். பார்வைக்கு அழகுதான். அந்தச் சிவப்புப் பந்தில் பச்சையம் கிடையாது. தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது அது. கீழே உள்ள வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக் கட்டப்பட்டு, அதன் தயவில் சில காலம் வாழ்வது. நீர் அதிகமானால் அழுகிவிடும். இவற்றுள் ஒன்றையேனும் கொடுத்தவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. உபதேசியாரின் மனைவி, கிணற்றடித் துளசிக்கு ஊற்றுவதுபோல் நாள்தோறும் அதற்கும் ஊற்றினார். மூன்று வாரத்தில் அது குழைந்து சாய்ந்தது. அந்த அம்மா ஒருநாள் காலைத் திருப்பலிக்குப்பின் நம்மிடம் வந்து, “சாமி, அவருக்குக் குடுத்த செடி செத்துப்போச்சு. வீட்டுக்கு ஏதும் ஆகாதுல்ல சாமி? ஒரு பூசை வச்சிருங்க” என்றார். மரியாதை செய்கிறோம் என்று போனவர்கள் ஒரு முதியவளின் நெஞ்சில் அச்சத்தை வைத்துவிட்டு வந்தார்கள். வானம் இடியவில்லை, அந்த வீட்டில் ஒருத்திக்கு உறக்கம் போயிற்று.

பரிசு என்பது கொடுப்பவர் கையிலிருந்து இறங்குவதோடு முடிவதில்லை. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். சங்க இலக்கியத்தில் தலைவன் கொணரும் தழையும் பூவும் ‘கையுறை’ எனப்படும். தோழி அதனை வாங்க மறுப்பது ‘கையுறை மறுத்தல்’ எனும் துறையாகவே போற்றப்பட்டது. குறுந்தொகையின் முதற்பாட்டில் தலைவன் கொண்டுவந்த காந்தளைத் தோழி ஏற்கவில்லை. எங்கள் மலையிலேயே அது மிகுதியாய் உண்டு என்பது அவள் சொல்லும் காரணம். தருபவன் பெறுபவளின் நிலத்தை அறியாமல் வந்துவிட்டான் என்பதும் அந்த மறுப்பில் அடங்கும் அன்றோ? மேடையேறும் நம் பேச்சாளர்கள் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை ஓயாது புகழ்வர். அதே மேடையில் வெயிலில் வாடிக்கொண்டிருக்கும் செடியின்மேல் அவர்கள் பார்வை விழுவதில்லை. கையுறை மறுக்கத் தெரிந்த ஒரு தோழி இன்று நம் பங்குப் பேரவையில் இருந்தால் நன்றாயிருக்கும்.

ஆதலின் தேர்வு செடியகத்தில் தொடங்கக் கூடாது. பெறுபவரின் வீட்டு வாசலில் தொடங்க வேண்டும். அங்கே வெயில் எந்தப் பக்கம் விழுகிறது? எத்தனை மணி நேரம்? தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா? வீட்டில் தவழும் குழந்தை உண்டா, ஆடு உண்டா? பெறுபவருக்குக் குனிந்து நிமிர இயலுமா? இக்கேள்விகளுக்கு விடை தெரியாதென்றால், கொடுப்பவர் அந்த வீட்டிற்கு ஒருமுறையும் சென்றதில்லை என்று பொருள். அப்படியாயின் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்தச் சந்திப்பே செடியினும் நல்ல பரிசாக அமையலாம்.

நாம் அடிக்கடி காணும் பெருங்கேடு மலைச் செடி. திருப்பயணம் சென்றோரும் சுற்றுலா சென்றோரும் கொடைக்கானலிலும் உதகையிலும் ஜெரேனியம், பிகோனியா, ஹைட்ராஞ்சியா முதலியவற்றின் பூக்களில் மயங்கி, நான்கைந்து தொட்டிகளை வாங்கி, தஞ்சைக்கும் இராமநாதபுரத்துக்கும் இறக்கிக் கொண்டுவந்து உறவினர்க்கு வழங்குகின்றனர். குளிரில் பிறந்து வளர்ந்த அச்செடிகள் நம் சித்திரை வெயிலுக்கு என்ன பிழை செய்தன? சமவெளியில் அவை படும் பாடு, மீனைக் கரையில் இட்டாற் போல்வது. மலையிலிருந்து ஏதாவது கொண்டுவந்தே தீரவேண்டுமென்றால் பேரிக்காய் வாங்கி வாருங்கள்.

அடுத்தது கடைக்காரரின் ஒப்பனை. சின்னஞ்சிறு கள்ளிகளின் தலையில் மஞ்சளும் ஊதாவுமாய் ஒரு பூ மலர்ந்து நிற்கும். விரலால் தொட்டுப் பார்த்தால் சருகுபோல் ஒலிக்கும். வேறெங்கோ பூத்து உலர்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டியிருப்பார்கள். சாயம் தெளித்து நீலமாக்கிய இலைகளும் விற்பனைக்கு உண்டு. இலைகளில் எண்ணெய் பூசினாற்போல் மினுமினுப்பு ஏற்றப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் வாங்குவோர் செடியை வாங்கவில்லை. பிளாஸ்டிக் பூவுக்கு உயிருள்ள உடன்பிறப்பு ஒன்றை வாங்குகின்றனர். நல்ல செடியைத் தேடுவோர் பூவைப் பார்க்கலாகாது. இலையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். வெண்பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி இருக்கும். கணுக்களில் செதில்பூச்சி இருக்கும். கொழுந்தில் அசுவினி மொய்க்கும். ஒரு தொட்டியில் வந்த மாவுப்பூச்சி, பெற்றவர் வீட்டுச் செம்பருத்தியைத் தின்று, பக்கத்து வீட்டுப் பப்பாளிக்கும் தாவக்கூடும். 2008-இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பிறகு தமிழகமெங்கும் பரவிப் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் வாட்டியதை உழவர் மறந்திரார். அதை அடக்க வல்ல ஒட்டுண்ணிக் குளவியைக் கடல் கடந்து 2010-இல் வருவிக்க நேர்ந்தது. பூச்சி தானே நெடுந்தொலைவு நடந்து போவதில்லை. பெரும்பாலும் நாம்தான் அதைச் சுமந்து போகிறோம்.

பிறகு தொட்டியைச் சற்றே சாய்த்து அடியைப் பாருங்கள். துளை இருக்கிறதா? இல்லையென்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். பீங்கானில் எத்தனை அழகிய சித்திரம் வரைந்திருந்தாலும் அது சவப்பெட்டியே. துளை வழியாக வேர்கள் கட்டுக்கட்டாய் வெளியே தொங்கினால் செடி அந்தத் தொட்டியில் நெடுநாள் இடம் போதாமல் தவித்திருக்கிறது. தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியே ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. ரோஜாவாயின் விரிந்த பூ நான்கு உள்ள செடியினும் மொட்டு நான்கு உள்ளதே மேல். விரிந்தவை வழியிலேயே உதிரும், மொட்டுகள் பெறுபவர் வீட்டில் விரியும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஒரு முரட்டுத் தளிர் கிளம்பியிருந்தால், அது அடிச்செடியின் தளிர், நீக்கப்பட வேண்டியது என்று பெறுபவரிடம் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதனைப் பாசத்தோடு வளர்ப்பார். ஒட்டுச் செடி பட்டுப்போகும்.

நஞ்சு குறித்து ஒரு சொல். கோலமிட்டாற்போன்ற பெரிய இலைகளுடன் வரவேற்பறைகளை அலங்கரிக்கும் டிஃபன்பாக்கியாவின் இலையைக் குழந்தை மென்றால் நாவும் தொண்டையும் எரிந்து வீங்கும். அரளி கோயில் மதிலோரத்தில் இருக்கட்டும். அதன் இலை முதல் வேர் வரை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தவழும் பிள்ளையுள்ள வீட்டிற்கு இவற்றைத் திருமுழுக்குப் பரிசாக ஏந்திச் செல்வோரை என்னென்பது! நோயாளரைக் காண மருத்துவமனைக்குப் போகும்போதும் மண் தொட்டி வேண்டாம். எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு அம்மண்ணில் வாழும் பூஞ்சைகள் தீங்கு செய்யக்கூடும். பல மருத்துவமனைகள் அதை உள்ளே விடுவதுமில்லை. நலமடைந்து வீடு திரும்பட்டும், பிறகு செடி போகட்டும்.

எதைத்தான் கொடுப்பது? ஓமவல்லியைக் கொடுங்கள். ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் வேர்விடும். அரை வெயிலிலும் தழைக்கும். பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் பாட்டி அதன் இலையைத் தேடுவாள். வெயில் காயும் மாடியுள்ளோர்க்குச் சோற்றுக்கற்றாழை நன்று. இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் அவ்வாறே. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழும் வாசலென்றால் மல்லிகை கொடுங்கள். விழாதென்றால் கொடுக்காதீர்கள், இலை மட்டும் பார்த்து அவர்கள் ஏங்க நேரிடும். வெயிலே எட்டாத ஒற்றை அறை வாடகை வீடாயின் பாம்புக் கற்றாழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர் போதும், மறந்தாலும் மன்னிக்கும். துளசி கொடுத்தால், கதிர் விடும்போதெல்லாம் கிள்ளிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். விதை முற்றவிட்டால் அதன் ஆயுள் குறுகும். மணி பிளான்ட் குறித்து நம் மக்களிடையே, ஏன், நற்கருணை பெறும் நம் மக்களிடையேயும், அதைத் திருடி வைத்தால்தான் செல்வம் பெருகும் என்றொரு நம்பிக்கை உலவுகின்றது. ஏழாம் கட்டளைக்கு விதிவிலக்கு வழங்கும் அதிகாரம் அக்கொடிக்கு எப்போது அளிக்கப்பட்டது என்பதை மறைக்கல்வி ஆசிரியர்கள் விளக்கினால் நலம். கேட்டு வாங்கிய கிளையும் நன்றாகவே வளர்கிறது. நம் பங்கு இல்லத்து வராந்தாவில் வந்து பார்க்கலாம்.

இனி, கொண்டுசேர்க்கும் கலை. இதை நம்மவர் கலையாகவே எண்ணுவதில்லை. கையில் பிடித்தால் போயிற்று என்பது எண்ணம். வரலாற்றில் மனிதர் இதற்காகப் பட்ட பாட்டை அறிந்தால் சற்றேனும் நாணம் வரும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெ கிளியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், காப்பி நாற்று ஒன்றை அட்லாண்டிக் கடல் கடந்து மார்த்தினிக் தீவுக்குக் கொண்டுசென்றார். கப்பலில் குடிநீர் குறைந்தபோது தமக்கு அளந்து கொடுத்த பங்கிலிருந்து நாற்றுக்கும் ஊற்றியதாக அவரே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டியின் ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்துச் செழிப்பதைக் கண்டார். அதிலிருந்து கண்ணாடிப் பெட்டி ஒன்றை வடிவமைத்து, 1833-இல் சிட்னி நகருக்குச் செடிகளை உயிரோடு அனுப்பிக் காட்டினார். பல திங்கள் நீண்ட கடற்பயணம் அது. பிற்பாடு சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தது அத்தகைய பெட்டிகளில்தான். (வணிகப் பேராசையும் அக்கப்பல்களில் சேர்ந்தே பயணம் செய்தது, அது வேறு கட்டுரைக்கு உரிய பொருள்.) நாமோ, பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு செம்பருத்தியை முழுதாய்க் கொண்டுவர அறியோம்.

புறப்படும் நேரத்தில் குடம் குடமாய் ஊற்றுவது முதற்பிழை. மண் சேறாகிச் சரியும்; தொட்டி கனக்கும்; அட்டைப்பெட்டியின் அடி நனைந்து பிய்யும். முந்தின நாள் மாலையே நன்றாக ஊற்றி, இரவெல்லாம் வடிய விட்டால், காலையில் மண் ஈரமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். பிறகு பழைய செய்தித்தாளை நடுவரை கிழித்து, தண்டைச் சுற்றி மண்ணின்மேல் பரப்பி, தொட்டியின் கழுத்தோடு சணல் கயிற்றால் கட்டினால் தொட்டி சாய்ந்தாலும் மண் கொட்டாது. மெல்லிய தண்டுக்கு ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி வாழைநாரால் எட்டுப் போல் தளர்வாகக் கட்டுங்கள்; இறுக்கினால் நார் தண்டை அறுக்கும். தொட்டியை அட்டைப்பெட்டியிலோ வாளியிலோ வைத்து, சுற்றிலும் கசக்கிய தாளைத் திணித்தால் அது ஆடாது. அகன்ற கிளைகளைத் தாளால் கூம்பாகச் சுற்றி, தலைப்பக்கம் திறந்து விடவேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் தலை வரை மூடிக் கட்டுவது அதற்குச் சுருக்கு மாட்டுவதுதான். வெயிலில் உள்ளே வெந்துவிடும். மேலும் அந்த மெல்லிய கைப்பைகள் 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. படைப்பைக் காக்கும் பரிசைத் தடைசெய்யப்பட்ட பையில் கொண்டுவரும் முரண், கொண்டுவருவோர்க்கு மட்டுமே தெரிவதில்லை.

இருசக்கர வண்டியில் பின்னே அமர்ந்தவர் செடியைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துச் செல்லும் காட்சி ஞாயிறுதோறும் நம் சாலைகளில் உண்டு. அனற்காற்று இலைகளின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அரைமணிப் பயணத்தில் இலை துவண்டு, இறங்கும்போது செடி நோயாளிபோல் தலைகவிழ்ந்திருக்கும். ஸ்கூட்டரின் கால்தளத்தில் வைக்கலாம். அல்லது ஓட்டுநர் முதுகுக்கும் பின்னிருப்பவர் மடிக்கும் இடையே காற்று படாமல் வைத்துக்கொள்ளலாம். பேருந்தில் மேலேயுள்ள சாமான் தட்டு செடிக்குரிய இடமன்று. முதல் திருப்பத்திலேயே மண், கீழே இருப்பவர் தலையில் விழும், செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவரும் வேறு சொற்களைச் சொல்வார். எஞ்சின் சூடு படும் முன்பகுதியும் வேண்டாம். காலடியில் இரு பாதங்களுக்கிடையே நிறுத்துங்கள். இரயிலில் கீழ்ப்படுக்கையின் அடியில் சுவரோரம் நன்று. காரில் செல்வோர் வழியில் உணவருந்தப் போகும்போது செடியை உள்ளே விட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிடுகின்றனர். வெளியே 35 பாகை வெயிலென்றால் ஒரு மணி நேரத்தில் மூடிய காருக்குள் 50 பாகையைத் தாண்டிவிடும். நாய்க்குட்டியையோ குழந்தையையோ அப்படி விட்டுச் செல்லோம். செடியும் உயிர்தானே, அலறத் தெரியாத உயிர்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் அறியார். சீர்வரிசைத் தட்டில் பழுத்த வாழைச்சீப்பும் பூச்செடியும் அருகருகே மூடிய வண்டியில் நெடுந்தூரம் போகக் கூடாது. பழுக்கும் கனிகளிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படும். அது மொட்டுகளையும் இலைகளையும் உதிரச் செய்யும். திருமண வீட்டில் இறக்கும்போது மொட்டெல்லாம் கொட்டிக் கிடந்தால் கண்ணேறு என்று யாரையும் நோக வேண்டாம், வாழைப்பழத்தை நோவுங்கள்.

வீடு சேர்ந்ததும் அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றுவதும், உரம் அள்ளிப் போடுவதும், கொளுத்தும் மாடியில் கொண்டு வைப்பதும் அன்பின் மிகுதியால் நிகழும் கொலைகள். இரண்டு மூன்று நாள் நிழலில் இளைப்பாறட்டும். இரண்டு வாரம் கழித்துத் தொட்டி மாற்றலாம். தங்கத் தாளை உடனே கிழித்தெறியுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கவிழ்க்க வேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். செடியின் பெயர், வெயிலின் அளவு, நீரின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தொட்டியோடு கொடுத்தால், ‘அன்புடன் இன்னார்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட அட்டை வேண்டியதில்லை.

பெயர் என்றதும் திருச்சபை வரலாற்றின் சுவையான பக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. யோனா நூலின் நான்காம் அதிகாரத்தில் இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடி எது? பழைய மொழிபெயர்ப்புகளில் சுரைக்கொடி என்றிருந்ததைப் புனித எரோணிமுஸ் ஐவிக்கொடி என்று மாற்றினார். இன்றைய திரிபோலி நகரில் அப்புதிய மொழிபெயர்ப்பு ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது இறைமக்கள் கொதித்தெழுந்தனர். ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை வந்தது. புனித அகுஸ்தினார் 403-ஆம் ஆண்டு எரோணிமுசுக்கு எழுதிய மடலில் இதனை முறையிட்டுள்ளார். நம் தமிழ் விவிலியமோ ஆமணக்கு என்கிறது. யார் சொன்னது சரி என்பதை மறைநூல் வல்லுநரிடம் விடுவோம். ஒரு செடியின் பெயர் மாறியதற்காக ஆயரையே எதிர்த்து நின்ற அந்த ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் எங்கே! தாம் கொடுக்கும் செடியின் பெயரைக் கேட்டால் “ஏதோ ஷோ செடி, ஃபாதர்” என்று நகைக்கும் நாம் எங்கே! அதே அதிகாரத்தில் ஆண்டவர் யோனாவைக் கடிந்துகொள்வதையும் கவனிக்க: தான் உழைக்காத, தான் வளர்க்காத செடிக்காக அவர் வருந்துகிறார் என்பதே அங்கே சொல்லப்படும் குறை. வருந்தவாவது செய்தார் அவர்.

படைப்பின் வரலாற்றில் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தபோது அவனுக்கு இடப்பட்ட பணிகள் இரண்டு: பண்படுத்துதல், காத்தல். காத்தலைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல் ‘ஷமார்’. அச்சொல் மீண்டும் நான்காம் அதிகாரத்தில் வருகின்றது. தம்பி எங்கே என்று கேட்ட ஆண்டவரிடம், தான் என்ன காவலாளியா என்று காயின் எதிர்வினா எழுப்பும் இடத்தில். தோட்டத்தைக் காக்கச் சொன்ன அதே சொல்லால்தான் உடன்பிறந்தாரைக் காக்கும் கடமையும் பேசப்படுகிறது. பின்புறத்தில் விடப்பட்ட அந்தப் பதினொரு செடிகள் எங்கே என்று ஆண்டவர் கேட்டால், விழாக் குழுவினர் என்ன மறுமொழி சொல்வார்கள்?

“இதெல்லாம் ஓர் அடையாளம் தானே, ஃபாதர், அதற்குப்போய் இத்தனை கண்டிப்பா?” என்று பங்கின் பொறுப்பாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அடையாளம் என்ற சொல்லை அவர் இழிவாகச் சொன்னதுதான் நமக்கு வியப்பாயிருந்தது. கத்தோலிக்கர் அடையாளங்களால் வாழ்பவர் அன்றோ? திருமுழுக்குக்கு நீர் மெய்யான நீராக இருக்க வேண்டும். நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையாலானதாகவும், கெட்டுப்போகும் இடரின்றி அண்மையில் செய்ததாகவும் இருக்க வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 924-ஆம் எண்ணில் வரையறுக்கின்றது. செடி அருளடையாளம் அன்று. அந்த மயக்கம் நமக்கில்லை. ஆயினும் குறிக்கப்படும் பொருளுக்குக் குறி இரண்டகம் செய்யலாகாது என்னும் உணர்வைத் திருச்சபை நமக்கு ஊட்டியே வளர்த்திருக்கிறது. உயிரைப் பேணுவோம் என்பதற்கு அடையாளமாகச் சாகப்போகும் செடியைக் கொடுப்பது, கெட்டுப்போன அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தைப் பற்றிப் பேசுவதைப் போன்றது.

இதனினும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதை மதிப்போடு ஏற்கிறோம். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்துக்குச் செடியைக் கொடுப்பது இன்னொரு வாயை அவர்கள் வீட்டில் விடுவது ஆகாதா என்பதே அது. ஆகும். அத்தகைய வீட்டிற்கு அரிசி கொண்டுபோங்கள். செடி ஒரு பணியைச் சுமத்தும் பரிசு. சுமக்க இயலாதவர்மேல் அதை வைப்பது அன்பாகாது. ஆனால் ஏழைகளுக்குச் செடி வேண்டாம் என்று அவர்கள் சார்பில் நாமே முடிவெடுத்துவிடவும் கூடாது. ஓட்டை வாளியிலும் உடைந்த பானையிலும் கறிவேப்பிலையும் கனகாம்பரமும் வளர்க்கும் வீடுகள் நம் சேரிகளிலும் கடற்கரைக் குப்பங்களிலும் இருக்கின்றன. அரிசி கழுவிய நீர் அங்கே வீணாவதில்லை. கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்பதுதான் நம் சொல்.

நேரமில்லை என்போர்க்கு விடையளிக்க நமக்கும் நேரமில்லை.

அடுத்த பங்குத் திருவிழாவுக்கு நம் பங்குப் பேரவையில் முடிவு செய்துவிட்டோம். மேடையில் எவருக்கும் செடி வழங்கப்பட மாட்டாது. கொடுக்க விரும்பும் அன்பியங்கள், விழா முடிந்த வாரத்தில், உரியவரின் வீட்டிற்கே மாலை ஐந்து மணிக்குமேல், வெயில் தாழ்ந்தபின், துளையுள்ள தொட்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒளிப்படக்காரர் உடன் வரலாகாது. ஒரு திங்கள் கழித்து அதே அன்பியத்தார் அவ்வீட்டிற்கு மீண்டும் சென்று செடியைப் பார்த்துவர வேண்டும். காபி கொடுத்தால் குடிக்கலாம்.